வண்டிக்குள் காய்ச்சாத பால்

சிறு வயதில் நாங்கள் குடும்பத்தோடு வாடகை வேனில் கன்னியாகுமரி போவோம். வழியில் மர நிழலில் அடுப்பை இறக்கிச் சமைப்பார்கள். காற்றில் அணையாமலிருக்க அம்மாவும் அத்தைகளும் முந்தானையை விரித்து நிற்பார்கள். என் கணவர் ஓய்வு பெற்றதும், அதே ஆசையில் படுக்கையும் சமையலறையும் உள்ள வேன் ஒன்றைத் தேடினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் விலைக்கு வந்த பழைய வண்டியின் குட்டிச் சமையல் மேடையைப் பார்த்ததுமே மயங்கிவிட்டேன். எஞ்சினைக்கூடப் பார்க்கவில்லை. "வீடுன்னா பால் காய்ச்சிப் பாத்துட்டுத்தான் முடிவு" என்றேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

ஆடிக் காற்று அடுப்பைப் பற்றவே விடவில்லை. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நானே இழுத்துச் சாத்தினேன். என் கணவர் மறுபடி தீக்குச்சியை எடுத்தபோது கேஸ் வாடை குப்பென்று அடித்தது. ஜலதோஷத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க, குச்சிய உரசாதீங்க. மொதல்ல கீழ இறங்குங்க."

"என்னட்டி ஆச்சு?"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். பிறகு பார்த்தால், கேஸ் ட்யூபில் நீளமாக விரிசல்.

கடைசியில், படுக்கை மட்டும் உள்ள சிறிய வேனை வாங்கினோம். இப்போது எங்கே போனாலும் அடுப்பை வெளியே இறக்கித்தான் பற்ற வைக்கிறேன். முதல் பாலைச் சேத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காய்ச்சினேன். காற்று வீசியது. நான் கேட்காமலே அவர் தோள் துண்டை விரித்துக் குறுக்கே நின்றார்.