காரணம்: மரணம்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதலாக இருக்கும். கொரோனா காலத்தில் அரசாங்கம் செய்த ஏற்பாடுகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், இன்னொரு நோய் வந்தால் எப்படித் தயாராக இருப்பது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம். அம்மாவைப் பார்த்து, "ஈ-பாஸ் முறை உங்களுக்குப் பயனுள்ளதா இருந்துச்சா? மிகவும், ஓரளவு, இல்லை. ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றாள். அம்மா அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். உள்ளே போய்விட்டாள். கடைசிக் கேள்வி, ஆலோசனை ஏதும் உண்டா என்பது. நான் பேசத் தொடங்கினேன். அவள் நாலு வார்த்தை தட்டிவிட்டு, "எடம் அவ்வளவுதான்ப்பா இருக்கு" என்றாள்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. மதிய வெயிலில் போடி ஊர் முழுக்க நடந்து கேட்டுக்கொண்டிருந்தாள், பாவம். ஆனால் எங்களிடம் கேட்க ஆறு வருடம் ஆகியிருக்கிறது, கேட்டபின் எழுத இடமில்லை. அங்கே கொள்ளாததை இங்கே எழுதுகிறேன்.

ஊரடங்கு என்று சொன்ன அன்றைக்கு அம்மா மலையில் இருந்தாள். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மாநில எல்லைக்கு அப்பால் இருக்கிற ஏலக்காட்டுக்குப் போய் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுவதுதான் எங்கள் தெருப் பெண்களின் வழக்கம். அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவர் அப்பா. அந்த முறை மட்டும், செடி சுத்தம் பண்ணுகிற வேலை பத்து நாளுக்கு இருக்கிறது, வேலைக்காரர்களுக்குக் கட்டிய லயத்திலேயே தங்கிக்கொள்ளலாம் என்று எஸ்டேட்டில் சொன்னதால் அம்மா தங்கிவிட்டாள். இரவு எட்டு மணிக்கு அறிவித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் நின்றுவிட்டது. அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். மலை ஏறுகிற இடத்தில் கம்பைக் குறுக்கே போட்டிருந்தார்கள். திரும்பி வந்தார்.

பதினேழு வளைவு ஏறினால் அம்மா. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அந்த மலை தெரியும். என் தம்பிக்கு அப்போது மூன்று வயது. முதல் வாரம் அந்தப் பக்கம் கை நீட்டி அழுதான். இரண்டாம் வாரம் அழுவதை நிறுத்தினான், சாப்பிடுவதையும் நிறுத்தினான். அம்மா ஒவ்வொரு நாளும் சாயங்காலம் லயத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி நின்று பேசுவாள். அங்கேதான் டவர் கிடைக்கும். அவளுடைய ரேஷன் கார்டு இங்கே இருந்தது, வயிறு அங்கே இருந்தது. அந்த மாநிலத்துக் கடையில் கார்டு இல்லாதவர்களுக்கு அரிசி கிடையாது என்று முதலில் சொல்லிவிட்டார்கள். பிறகு எஸ்டேட் சூப்பர்வைசர் தன் வீட்டிலிருந்து கொஞ்சம் கொடுத்தார். இதையெல்லாம் அம்மா சொல்லவில்லை, வெகுநாள் கழித்துத் தெரிந்தது. பாறையில் நின்று, "நான் நல்லா சாப்புடுறேன், நீ தம்பியப் பாத்துக்கிரு" என்றுதான் சொன்னாள்.

அந்த நாட்களிலும் மலையிலிருந்து வண்டிகள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஏலக்காய் மூட்டைக்கு அனுமதி உண்டு, விளைபொருள் என்பதால். மூட்டையைத் தூக்கி ஏற்றியவளுக்கு அனுமதி இல்லை. அப்பா சோதனைச் சாவடிப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "மூட்டைக்குள்ள உக்காத்தி வச்சுக் கூட்டியாந்துரலாம் போல" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அப்புறம் ஈ-பாஸ் வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அப்பாவுக்கு அதில் பேசத் தெரியும், அவ்வளவுதான். ஏழாம் வகுப்பு முடித்திருந்த நான்தான் மனு போடுகிறவள். அம்மாவின் ஆதாரைப் படம் எடுத்து ஏற்றி, வண்டி எண் போட்டு, கீழே வந்தால் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். திருமணம், மரணம், மருத்துவ அவசரம், வெளியூரில் தவிப்பவர். எங்களுக்கென்றே கடைசி வரியை வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு அதை அழுத்தினேன். இரண்டு நாள் கழித்து, நிராகரிக்கப்பட்டது, போதிய ஆவணம் இல்லை. தவிப்பதற்கு என்ன ஆவணம் என்று அதில் எழுதவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி நிராகரித்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்ததும் மருத்துவ அவசரம் என்று போட்டேன். டாக்டர் சான்று கேட்டார்கள். எங்கள் பக்கத்து டாக்டர் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போயிருந்தார். சந்தேகம் கேட்க ஓர் எண் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டால் முதலில் ஓர் இருமல் சத்தம், பிறகு கைகளைக் கழுவச் சொல்லி ஒரு குரல், பிறகு எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன. ஐந்து மனு. ஐந்தும் இப்படித்தான்.

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பிளக்ஸ் கடையில் போஸ்டர் வடிவமைக்கிற வேலை பார்த்தார். கடை மூடிவிட்டதால் அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். மனுக்களை எல்லாம் பார்த்துவிட்டு அவர் ஒரு நாள் காலையில் சொன்னார்:

"மச்சான், உசுரோட இருக்கவனுக்கு இவங்க தர மாட்டாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக்கு எப்படிக் கெடச்சுச்சு? கெழவி செத்துச்சு, அரை மணி நேரத்துல பாஸ்சு. நாமளும் யாரையாச்சும் சாகடிச்சாத்தான் சோலி முடியும்."

"யார மாப்ளே?"

"நெருங்குன சொந்தமா இருக்கணும். புருசன்னா உடனே தருவாங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். தம்பி பாயில் சுருண்டு கிடந்தான். "சரி, போடு" என்றார்.

மாமா பத்தே நிமிடத்தில் தன் போனிலேயே ஒரு கண்ணீர் அஞ்சலி தயாரித்துவிட்டார். ஜீப்பின்மேல் சாய்ந்து அப்பா சிரிக்கிற படம், இரண்டு பக்கமும் விளக்கு, மேலே இரண்டு கண்களிலிருந்து சொட்டும் கண்ணீர், கீழே 'ஆறாத் துயருடன்' எங்கள் எல்லோருடைய பெயரும். அப்பா போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். நான் 'மரணம்' என்பதை அழுத்தினேன். இறந்தவர் உறவு: கணவர். ஆவணம் என்ற இடத்தில் போஸ்டரை ஏற்றினேன். ஐந்து உண்மைகளுக்குக் கிடைக்காத பாஸ் ஒரு பொய்க்கு இருபது நிமிடத்தில் கிடைத்தது.

அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் பாஸை சூப்பர்வைசருடைய வாட்ஸப்புக்கு நான் அனுப்பினேன். சாவடியில் கேட்டால் காட்டட்டும் என்று போஸ்டரையும் சேர்த்து அனுப்பினேன். கீழே, 'அம்மாவை உடனே அனுப்புங்க சார்' என்று எழுதினேன். சாயங்காலம் பாறையிலிருந்து அம்மா கூப்பிடும்போது விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அதற்குள் மாமா, "ஆபீஸ்ல இருந்து விசாரிக்கப் போன் பண்ணுவாங்க. செத்தவன் எடுத்துப் பேசுனா நல்லாவா இருக்கும்? அணச்சு வைங்க" என்றார். அணைத்து வைத்தோம்.

போனில் யாரும் விசாரிக்கவில்லை. நேரிலேயே வந்துவிட்டார்கள். மத்தியானம் வாசலில் ஒரு ஆள், தாலுகா ஆபீசிலிருந்து வருகிறேன் என்றார். அப்பா பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வந்தவர் தள்ளி நின்று, "எழவுக்கு எத்தன பேரு வந்தாக? இருபது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு தெரியும்ல?" என்று கேட்டார். என்ன நோயில் இறந்தார் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கவில்லை.

"யாருமே வரலைங்க" என்றேன். அது உண்மைதான்.

"நல்ல குடும்பம். எல்லாரும் இப்பிடி இருந்தா நோயி ஏன் பரவுது?" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் போனைப் போட்டோம். அம்மா கூப்பிடவில்லை. இருட்டுகிறவரை பார்த்துவிட்டு மாமா சூப்பர்வைசருக்குப் போட்டார். அவர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார். செய்தி வந்ததுமே சேச்சியிடம், அதாவது அம்மாவிடம், சொல்லிவிட்டாராம். போட்டோவையும் காட்டினாராம். வீட்டு நம்பருக்கு எத்தனையோ முறை கூப்பிட்டும் போன் அணைந்திருந்ததாம். உச்சிப்பொழுதுக்கே ஒரு லோடு வண்டியில் ஏற்றிவிட்டாராம். "சேச்சி கரஞ்சில்லா" என்றார் கடைசியில். அழவே இல்லை, பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

அப்பா எழுந்து சட்டையைப் போட்டார். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். மலையிலிருந்து இறங்குகிற எல்லோரையும் பதினாலு நாள் தனியாக வைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. ராத்திரி வெளியே போனால் லத்தியடி. பொய்த் தகவல் கொடுத்தால் வழக்கு என்று அன்று காலைதான் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த உதவி எண்ணுக்கு மாமா திரும்பத் திரும்பப் போட்டார். அந்த இருமலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலையில் தெரிந்தது, அம்மாவை வைத்திருந்தது என்னுடைய பள்ளிக்கூடத்தில். தம்பியை மாமாவிடம் விட்டுவிட்டு அப்பாவும் நானும் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனோம். அப்பா மாஸ்க் போட்டு, தலையில் துண்டையும் கட்டியிருந்தார். அந்த நாட்களில் எல்லோருக்கும் பாதி முகம்தான், அதனால் வழியில் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டுக்கு உள்ளே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் வராந்தாவில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் படித்த வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூசில் தண்ணீர் வராது என்பது அங்கே படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் வீட்டுக்கு வருகிறவரை அடக்கிக்கொள்வோம். இத்தனை பெண்களைப் பதினாலு நாள் அடைக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் எங்களில் ஒருத்தியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அதற்கு ஆய்வு தேவையில்லை, டேப்லெட் தேவையில்லை.

அம்மா தூணில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கயிறுவரை வந்தாள். கேட்டில் நின்ற போலீஸ்காரர், "அங்கனயே நில்லு தாயி" என்றார்.

"ஏன்டி ஆத்தா ஒத்தையில வந்த? தம்பி எங்க? மாமா எங்க?" என்று கேட்டாள் அம்மா.

"ஒத்தையில வரலம்மா. அப்பா வந்திருக்காரு" என்றேன், போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரமாக, குரலைத் தாழ்த்தி.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் விவரிக்க முடிந்ததில்லை. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அப்படிப் பரிவாக யாரும் என்னை அதற்குப் பிறகு பார்த்ததில்லை. "சரி ஆத்தா, சரி" என்றாள்.

அப்பா ஓரடி முன்னே போய் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"யோவ்! மாஸ்க்க ஏத்துய்யா!" போலீஸ்காரர் லத்தியைத் தரையில் தட்டினார். "எத்தன தடவ சொன்னாலும் ஒங்களுக்குப் புத்தி வராதாய்யா?"

அப்பா ஏற்றிவிட்டார். ஆனால் அம்மா பார்த்துவிட்டாள். அவள் கூச்சல் போடுவாள், கயிற்றைத் தாண்டி ஓடி வருவாள் என்று நான் பயந்தேன். அவள் நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பதுபோல, "சாப்புட்டீகளா?" என்றாள்.

"சாப்புட்டேன்" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச முடிந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் வழக்கு. பிறகு அம்மா அழத் தொடங்கினாள். மார்பில் அடித்துக்கொண்டு, தலைமுடி அவிழ, அந்தப் பள்ளிக்கூடமே கேட்கும்படி அழுதாள். வராந்தாவிலிருந்த பெண்கள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"நேத்து வந்ததுல இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல அந்தப் பிள்ள. கல்லாட்டம் உக்காந்திருந்துச்சு. புருசன் செத்துட்டாரு. கடைசியா மொகத்தப் பாக்கத்தான் மலையில இருந்து வந்துச்சு, அதுக்குள்ள இங்கன கொண்டாந்து போட்டுட்டாங்க. என்ன சட்டமோ." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நீ யாருய்யா, சொந்தமா?"

"அண்ணன் முறை" என்றார் அப்பா.

"நல்லாப் பாத்துக்கங்கய்யா" என்று சொல்லித் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் திரும்பி நடந்தோம். தெரு முனை வரைக்கும் அம்மாவின் அழுகை கேட்டது. போலீஸ்காரர் நம்பிவிட்டார், இனி வழக்கு வராது என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டோம்! அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "அம்மா என்னமா நடிக்கிது பாத்தீங்களாப்பா" என்றேன்.