பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு மேல்

1912-இல் மழை பொய்த்ததும், தாமிரபரணி வாய்க்கால் எட்டாத அந்தச் செம்மண் ஊரின் கிறிஸ்தவக் குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போய்விட்டன. சாலோமி மட்டும் தங்கினாள். மிஷன் அனுப்பிய வேதாகம ஸ்திரீ அவள், விதவை. பத்து வருஷமாக அவ்வூர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, சுவிசேஷத்தை ஒரு வசனமும் விடாமல் பன்னிரண்டாம் அதிகாரம் வரை விளக்கியிருந்தவள்.

ஆளில்லாத வேதக்கோவிலிலும் வாரந்தோறும் பாடம் நடத்தினாள். தன் குரலே சுவரில் முட்டித் திரும்பும்; அடுத்த வசனத்துக்குப் போவாள்.

ஒருநாள் வந்த குருவானவர், "ஆருக்கும்மா பாடம் நடத்துதீங்க? பாளையங்கோட்டை மிஷனுக்கே வந்துருங்க," என்றார்.

"பைய வாரேன், ஐயரே. பாதியில விட மனசு வரல."

மாசியில் கண்டியிலிருந்து கடிதம் வந்தது. அவளிடம் எழுத்துப் படித்த பாக்கியத்தாய் கோணல்மாணலாகத் தன் கையாலேயே எழுதியிருந்தாள்: "அம்மா, இங்கன வேதம் சொல்லித்தர உபதேசியார் இல்ல. ஞாயித்துக்கிழமை நாங்களே கூடி, நீங்க சொன்னதச் சொல்லுதோம். பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு மேல வாசிக்க முடியுது, அர்த்தம் புரியல. எழுதி அனுப்புங்க."

சாலோமி அன்றே பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தப் பெண்கள் என்ன கேட்பார்கள் என்று யோசித்து யோசித்து எழுதி, அதிகாரம் அதிகாரமாகத் தபாலில் அனுப்பினாள். சுவிசேஷம் முடிய நாலு வருஷம் ஆயிற்று. பதில் எப்போதாவதுதான் வரும். கூடுகிறவர்கள் முப்பது பேராகிவிட்டார்கள் என்றது ஒரு கடிதம்.

ஊரைவிட்டுப் போன அந்தப் பெண்களில் ஒருத்தியின் முகத்தையும் சாலோமி அதன்பின் பார்க்கவில்லை.