வேட்பாளரின் பெயருக்கு எதிரே

சுவரொட்டிப் பசை புளித்த வாசனை. ஏதாவது ஒரு தேர்தலுக்கு முன் தெருவில் நடக்கையில் அது மூக்கில் ஏறினால் போதும், என் கால்கள் என்னைக் கேட்காமலே இத்தாலியில் பலெர்மோ நகரின் அந்த நூலகப் படிகளில் ஏறத் தொடங்கிவிடுகின்றன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஈரச் சுவர்களில் வேட்பாளர்களை முகத்தின்மேல் முகமாக ஒட்டியிருந்தார்கள். எல்லா முகங்களும் சிரித்தன. எனக்கு அங்கே வாக்கு இல்லை. நான் சீசா என்ற பகுதியின் மாடிக்கட்டிடங்களில் படி கழுவுகிறவன். ஆனாலும் ஒரு முகத்தின் முன் மட்டும் வாளியை இறக்கி வைத்துவிட்டு நிற்பேன்.

அந்த முகத்துக்காரரின் தங்கை வீட்டில்தான் அக்கா வேலை செய்தார். அங்கேயே தங்கி, சமைத்து, துடைத்து. மன்னார்க்காரி. என்னுடன் பிறந்தவர் அல்ல. ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடித்த பழக்கத்தில் அக்காவானவர். அவருடைய மகள் மன்னாரில் சித்தி வீட்டில் இருந்தாள். ஆவணி வந்தால் அவளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு தாய் தன் பெயரில் அவளை அழைக்க முடியாது; சட்டத்தின் கண்ணில் அவள் பிள்ளை இல்லை.

விண்ணப்பத்தில் ஒரு தாள்தான் குறை. பிள்ளை வந்து தங்க இடம் உண்டு என்று வீட்டுக்காரி கையெழுத்து வைக்க வேண்டும். சிஞ்ஞோரா, வீட்டு அம்மாவை அங்கே அப்படித்தான் அழைப்போம், மறுக்கவில்லை. தேர்தல் முடியட்டும் என்றார். தன் அண்ணன் மறுபடி வென்றுவிட்டால் குடிவரவுப் பொலிசின் வரிசையில் நிற்கவே வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்புப் போதும் என்றார். தெரிந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் அந்த ஊரில் கதவுகள் திறந்தன. நாங்களும் அதற்குப் பழகியிருந்தோம். சீசாவில் ஒரு தமிழ்க் குடும்பம் அறையும் தாளும் தரத் தயாராக இருந்தது. ஆனால் அங்கே போனால் இந்த வேலை போய்விடும். வேலை இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது; வேறு வேலை தேடிய பிறகுதான் விண்ணப்பம். அக்கா காத்திருந்தார்.

ஒரு ஞாயிறு வேட்பாளரே எங்கள் பங்கு மண்டபத்துக்கு வந்தார். குடும்பங்கள் கடல் கடந்து பிரிந்து கிடக்கக் கூடாது என்றார். உங்கள் சிஞ்ஞோராக்களிடம் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லுங்கள் என்றார். எங்கள் பெண்கள் பொரித்து வைத்த பற்றிஸ் ஒன்று தின்று, இன்னொன்று கேட்டு வாங்கினார்.

"ஆள் நல்லவர் போலை கிடக்கு" என்றார் அக்கா.

"பற்றிஸ் தின்னுறவையெல்லாம் நல்லவையெண்டால் நானும் நல்லவன்தான்."

"உனக்கு வாய்தான். பேப்பர் படிக்கிற ஆள்தானே? போய்ப் பாரன், அந்த மனிசன் சொல்லுறது உண்மையோ எண்டு."

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கெல்லாம் ஓய்வு. மற்றவர்கள் புகையிரத நிலையத்துக்கு முன்னால் கூடிக் கதைக்க, நான் நூலகத்துக்குப் போனேன். வேட்பாளர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர். நாடாளுமன்றத்தில் பேசுவதும் வாக்களிப்பதும் அச்சாகி, தடித்த தொகுதிகளாகக் கட்டப்பட்டு, யாரும் பார்க்கலாம் என்று அங்கே அடுக்கப்பட்டிருந்தன. யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தொகுதியைக் கொண்டுவந்து வைத்த பெண் தூசியை ஊதிவிட்டு, என் கைகளின் பிளீச் மணத்தை முகர்ந்து, சிரித்தாள்.

"இதைத் தேடி வந்த முதல் வாக்காளர் நீதான்."

"எனக்கு வாக்கில்லை."

"அதனால்தான் தேடுகிறாய்."

வெளிநாட்டவர், குடும்பம் என்ற தலைப்பைப் பொருளடக்கத்தில் பிடித்து, அது காட்டிய வாக்கெடுப்பு எண்ணுடன் தொகுதியின் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். நூற்றுக்கணக்கான பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு சிறிய எழுத்து, ஆதரவுக்கு ஒன்று, எதிர்ப்புக்கு ஒன்று. விரலை வைத்துக் கீழே கீழே இறங்கினேன். அவர் பெயர். ஆதரவு.

ஊரில் பரீட்சை முடிவு ஒட்டிய பலகையில் அப்படித்தான் பார்ப்போம். பெயரைப் பிடி, எதிரே உள்ளதைப் பார், ஓடு. நானும் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சொன்னேன். அக்கா என் தலையில் கை வைத்தார். அடுத்த நாள் கையெழுத்தை நெருக்கிக் கேட்பதாக இருந்தவர், கேட்கவில்லை. "ஆறுதலாகச் செய்யுங்கோ, சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டாராம்.

ஏனோ அந்தக் கிழமை படிகள் எனக்குச் சரியாக வரவில்லை. கழுவிய படியையே மறுபடி கழுவினேன். வேட்பாளர் நாடாளுமன்றத்தில் என்ன பேசினார் என்று அக்காவுக்கு வாசித்துக் காட்ட ஆசை. அதற்காகத்தான் அடுத்த வியாழன் போனேன், வேறு எதற்கும் இல்லை. பேச்சு ஒன்றும் கிடைக்கவில்லை. அதே வாக்கெடுப்பு எண்ணைத் தேடி நாற்பது பக்கம் முன்னால் போனபோது, அன்று வாக்குக்கு விட்ட முன்மொழிவு கிடைத்தது. ஒரே வரி. யாரை அழைக்கலாம் என்ற இடத்தில், வாழ்க்கைத்துணை என்பதை அப்படியே வைத்து, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் என்பதை நீக்குக.

அதைத்தான் அவர் ஆதரித்திருந்தார். முன்மொழிவு தோற்றிருந்தது. அதனால்தான் அந்தச் சொற்கள் சட்டத்தில் இன்னமும் இருந்தன, ஆவணி வரைக்கும் மன்னாரில் ஒரு பெண்ணுக்கும் அவை இருந்தன.

அந்த வரியை ஒரு தாளில் எழுதி மடித்துக்கொண்டு புகையிரத நிலையத்துக்கு நடந்தேன். அக்கா பனைமரத்தடியில் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். தாளை விரித்து, பிழை என்னுடையது என்று முதலில் சொன்னேன், பிறகு மற்றதை. அவர் கடலைக் கோதுகளைக் கைக்குட்டையில் நிதானமாகக் கட்டினார்.

"நாலு நாள் என்னைச் சந்தோசமா வைச்சிருந்தனி. கோப்பி வாங்கித் தரவேணும் உனக்கு."

"ஏசுங்கோ அக்கா."

"ஏசி?"

"ஆள் இப்ப மாறியும் இருக்கலாம்" என்றேன். அதை நான் நம்பவும் செய்தேன். மனிதர்கள் மாறுகிறார்கள், தாளில் இருப்பது ஒரு நாளின் ஒரு விநாடி மட்டும்.

"ஓம், மாறியிருப்பாரெண்டே வை. ஆவணி மாறுமோ?"

அக்காவை வீட்டில் விட இருவரும் பேருந்து ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே வேட்பாளர் சிரித்துக்கொண்டே வந்தார், சுவருக்குச் சுவர். அவர் அந்தத் தேர்தலில் வென்றாரா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அக்காவின் செருப்பு வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சிஞ்ஞோரா வீட்டு வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தாளை நீட்டினேன்.

"இதைக் கொண்டு போங்கோ."

"எதுக்கு? அண்ணனைப் பற்றித் தங்கச்சிக்குக் காட்டினால் கையெழுத்து வருமோ? விசரா. முதல் சாப்பாட்டைக் குடுப்பன். சாப்பிட்டு முடிய, இண்டைக்கே வையுங்கோ சிஞ்ஞோரா எண்டு கேப்பன். வைக்காட்டி, என்ரை பெட்டி சின்னப் பெட்டிதான், விடியப் படி கழுவ முந்தி வந்து சீசாவுக்குத் தூக்கு. இப்ப போ, பஸ் வருது."