மைதீன் தம்பி நம்பிய சத்தம்

மைதீன் தம்பி மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மச்சான் வந்து சொன்னபோது, படகுத்துறை ஸ்டாண்டில் நான் மோட்டாரின் கியர்பெட்டியைத் திறந்து எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். நாளைக்கு மலைப்பாதையில் என் பக்கத்தில் யார் உட்காருவார்?

முதலாளியின் பழைய வாடகை மோட்டார் கார் ஒன்றை நாங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டினோம். மலைப்பாதை என்றால் சேர்ந்தே போவோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் ஏற்றத்தில் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க. மைதீன் என்னைவிட இளையவர். எதற்கெடுத்தாலும் பயம். ஸ்டாண்டில் நாங்கள் எல்லோரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தோம். இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த மோட்டாரின் கியர்பெட்டி ஊளையிடும். ஏறியவர்கள் முகம் சுளித்தார்கள். முதலாளி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பட்டறையில் கொடுத்துப் பெட்டி நிறையக் கெட்டி கிரீஸை அடைத்துவிட்டார். மோட்டார் பூனைபோல ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். மைதீனுக்கு மட்டும் முகம் வாடிவிட்டது.

மறுநாள் என் மனைவியையும் கைக்குழந்தையையும் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலா ஊரில் மாமியார் வீட்டில் விடக் கிளம்பினோம். மைதீன் ஓட்டினார். மலை உச்சி தாண்டி இறங்கும்போது கருகல் வாடை வந்தது. இறக்கத்தில் மிதித்து மிதித்துப் பிரேக் அதற்கு முன்பே ஓய்ந்துபோயிருந்தது. இரண்டாம் கியர்தான் எங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, கியர்க்குமிழ் சுடுது. எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு கையாலயும் கியர அழுத்திப் பிடிங்க."

மனைவி முன்னால் இப்படியா சொல்வது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிடித்த பிறகுதான் தெரிந்தது. கியர்க்கம்பி என் கைக்குள் துள்ளியது. நழுவினால் அவ்வளவுதான், வலப்பக்கப் பள்ளத்தில் மரங்களின் தலைதான் தெரிந்தது. பின்னால் என் மனைவி "முருகா, முருகா" என்று குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். மைதீன் சக்கரத்தை மலையோரச் சாக்கடையில் இறக்கி, மண்ணோடு உரசி உரசி நிறுத்தினார். வெகுநேரம் என் விரல்கள் பிரியவில்லை.

பெட்டியைத் திறந்தபோது கிரீஸ் முழுதும் சுவரில் அப்பிக் கிடந்தது. பற்கள் காய்ந்து நீலம் பாய்ந்திருந்தன. முதலாளி கத்தினார். மைதீன் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். பிறகு கடைகடையாக ஏறி, ஒவ்வொரு எண்ணெய் டின்னிலும் குச்சியை விட்டுத் தூக்கிப் பார்த்தார்.

"நூலா இறங்கணும் அண்ணே. கட்டியா நின்னா பல்லுக்குப் போகாது. தண்ணியா ஓடுனா பெட்டியில நிக்காது."

அந்த எண்ணெயை ஊற்றியதும் ஊளைச் சத்தம் திரும்பிவிட்டது. மனிதர் அன்றுதான் சிரித்தார்.

"சத்தம் இருக்கட்டும்லா. சத்தமில்லாம சும்மா வந்தாத்தான் இறங்கிப் பாக்கணும்."

அடக்கம் முடிந்த மறுநாள், ஆட்கள் நிறைந்த மோட்டாரை அதே உச்சிக்கு ஏற்றினேன். சத்தம் குறைந்தது போலிருந்தது. என் காதின் கோளாறாகவும் இருக்கலாம். பக்கத்தில் கேட்க ஆளில்லை. பயம் என்ற வார்த்தையை நான் பிறர் முன்னால் சொன்னதே இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். "எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் இறங்குங்க."

யாரோ சிரித்தார்கள். ஆனாலும் இறங்கினார்கள். கியர்பெட்டியைத் திறந்து குச்சியை விட்டுத் தூக்கினேன். எண்ணெய் நூலாக இறங்கியது.

மைதீன் தம்பியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வார்த்தைதான். அன்று அவர் அதைச் சொன்னதால், என் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறான்.