டரட் இறங்கும்போது வின்சென்ட் கை எங்கே?

கிரேன் ஓட்டுறவங்களுக்கு மனுஷங்க முகத்தைவிட உச்சந்தலைதான் நல்லா அடையாளம் தெரியும். உயரத்துல உக்காந்து, வேர்த்து விறுவிறுத்து, கீழே நிக்கிறவர் கைஜாடைக்கு ஆடுற பொழைப்பு எங்களுது. ஒருதடவை ஏணி ஏறிட்டா பாத்ரூம் போறதுக்குக்கூட யோசிக்கணும். ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் ஜாடைக்கு ஆடிக்கிட்டிருக்கிற நீங்களும் நம்ம கட்சிதான்.

முதல் நாள்

அம்பத்தூர்ல கிரேன் ஓட்டித் தகரக் கட்டு தூக்கிக்கிட்டிருந்தவ நான். ஆவடிப் பக்கம் டாங்கி செய்யுற ஒரு தொழிற்சாலையில வேலை கிடைச்சு வந்தேன். டரட்னா டாங்கி மேல சுத்துற தலை. பீரங்கிக் குழாய் அதுலதான் இருக்கும். குக்கர் மூடி மாதிரி அப்படியே கவுத்துடுவாங்கன்னு நெனச்சிருந்தேன். பழைய ஆபரேட்டர் அதைத் தூக்கினப்பதான் பார்த்தேன், அடியில பெரிய இரும்புக் கூடை ஒண்ணு தொங்குது. சிப்பாய்ங்க உக்கார்றதே அதுக்குள்ளதானாம். தலை திரும்பினா சீட்டு, ஆளு எல்லாம் சேர்ந்து திரும்பும். அத்தனை பெரிய இரும்பு சத்தமில்லாம அந்தரத்துல நகர்ந்து போகுது. அம்மாடின்னு நின்னுட்டேன்.

கீழே ஜாடை காட்டுற ஃபிட்டர் வின்சென்ட், பட்டாபிராம்காரர், என்னைவிட வயசுல சின்னவர். என் முழியைப் பார்த்துட்டுச் சொன்னார்: "நல்லா பாத்துக்கோக்கா. மேல ஏறிட்டின்னா உனுக்கு இது வெறும் மொட்டை மாடிதான்."

கம்பு

டாங்கி உடம்புல டரட் உக்கார்ற இடம் ஒரு பெரிய வளையம். முகம் பார்க்கலாம், அவ்ளோ வழவழப்பு. அதுல ஒரு மணல் சிக்கினாலும் தலை திரும்பும்போது கரகரக்கும். எவ்வளவு தொடைச்சாலும் டரட் மேலே வந்து நிக்கிறப்ப அதுலேருந்தே ஏதாவது உதிரும். அதனால முட்டி உயரத்துல நிறுத்தச் சொல்லிட்டு, வின்சென்ட் கையை உள்ளே விட்டு, வெறும் உள்ளங்கையால வளையத்தை ஒரு சுத்து தடவுவார். துணிக்குத் தெரியாத மணல் தோலுக்குத் தெரியுமாம். எந்தச் சட்டத்துலயும் இல்லாத வழக்கம் இது.

பழைய ஆபரேட்டர் ஓய்வு பெற்று நான் ஏறின அன்னிக்கு, முட்டி உயரத்துல நிறுத்திட்டுக் காத்திருந்தேன். மனுஷன் எங்கேருந்தோ தோல் சுத்தின நீளக் கம்பு ஒண்ணைக் கொண்டு வந்து அதால தடவினார். மறுநாளும் கம்பு. மாசக்கணக்கா கம்பு. என் கிரேனுக்குக் கீழே அவர் கை வரவே இல்லை. ஒரு கிரேன்காரியை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா, சொல்லுங்க? பொறுக்காம ஒருநாள் கேட்டே புட்டேன். "கோச்சிக்காதக்கா. ஊட்ல எல்லாரும் இந்தக் கைய நம்பித்தான் கீறாங்கோ."

கோழி

டாங்கியை ஓட்டிப் பார்க்குற இடத்துக்கு ஒருநாள் எங்க ரெண்டு பேரையும் விட்டாங்க. குண்டும் குழியுமான மண் பாதையில அது குதிச்சுக் குதிச்சு வருது. குழாய் மட்டும் தூரத்துல ஒரே இடத்தைப் பார்த்தபடி அசையாம நிக்குது. நாங்க இறக்கி வச்ச தலை! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. உள்ளே மோட்டாருங்க விடாம சரிபண்ணிக்கிட்டே இருக்குதுங்கன்னு இன்ஜினியர் விளக்கினார்.

கோழியைக் கையில புடிச்சு ஆட்டிப் பார்த்திருக்கீங்களா? உடம்பு ஆடும், தலை நின்ன இடத்துலயே நிக்கும். அதை வின்சென்ட்கிட்ட சொன்னேன். அவர் மெதுவா கேட்டார்: "கோழிக்கு யாருக்கா மோட்டார் வச்சது?"

வேலூர்

எங்க தொழிற்சாலை ஆளுங்க எல்லாரும் குடும்பத்தோட வேலூர் கோட்டைக்குப் போனோம். சுவர்லேருந்து வட்டமா வெளியே துருத்திக்கிட்டு நிக்குதே கொத்தளம், அதைக் காட்டி, இதுவும் டரட்தான், கல்லா இருக்கிறதால சுத்தாதுன்னு என் மகளுக்கு விளக்கினேன். தலை திரும்பாதுன்னு தெரிஞ்சு, எல்லாப் பக்கமும் பார்க்குற மாதிரி சுவரையே வளைச்சுட்டாங்க பாருங்க, என்ன மூளை!

வின்சென்ட் கல்லும் கல்லும் சேர்ற இடத்துல உள்ளங்கையை வச்சுத் தடவிக்கிட்டே போனார். நடுவுல பிளேடு நுழையாது. எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. யாருன்னே தெரியாத கொத்தனார் தூக்கி வச்ச கல்லைத் தொடுறீங்க, என்னை மட்டும் நம்ப மாட்டீங்களான்னு கேட்டுட்டேன். அவர் கோச்சுக்கல. "இது எறங்கி முட்ச்சிடுச்சிக்கா. உன்னுது இன்னும் எறங்கிக்கினு கீது."

கரண்ட் போன பொழுது

ஒரு மத்தியானம், டரட் முட்டி உயரத்துல நிக்குது. வின்சென்ட் கம்பை உள்ளே விடப் போறார். டப்புனு கரண்ட் போயிடுச்சு. பிரேக் தானா புடிச்சுக்கும், டரட் விழாது. என் பயம் வேற ஒண்ணு. கரண்ட் திரும்பி வர்ற நொடியில லீவர் கொஞ்சம் விலகியிருந்தாலும் கிரேன் குதிச்சுடும்.

லீவரை எல்லாம் நடுவுக்குக் கொண்டு வந்தேன், மெயினை அணைச்சேன். ஆனா அது கீழே இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு கையையும் கேபின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிட்டேன். நான் எதையும் தொடலைன்னு அவங்க கண்ணால பார்க்கட்டும். சூப்பர்வைசர் இறங்கி வரச் சொன்னார். தொங்குற பாரத்தை விட்டுட்டு எப்படி இறங்குறது? மாட்டேன்னு தலையாட்டினேன். கை மரத்துப் போச்சு. வேர்வை மூக்கு நுனியில சொட்டுது, தொடைக்கல. அழுகையே வந்துச்சு.

விளக்கு எரிஞ்சுது. டரட் இம்மிகூட அசையல. வின்சென்ட் கம்பைத் தூண்ல சாத்தினார். உள்ளங்கையைச் சட்டையில தேய்ச்சார், சிலுவை போட்டுக்கிட்டார், கையை உள்ளே விட்டார். அந்தக் கை ஒரு முழு வட்டம் சுத்தி வெளியே வர்ற வரைக்கும் நான் மூச்சு விடல. அப்புறம் இறக்கச் சொல்லி ஜாடை காட்டினார். பூ மாதிரி உக்காந்துச்சு டரட்.

டீ நேரத்துல அவரே என் பக்கத்துல வந்து உக்காந்தார். "நீ கைய வெளிய காட்டிக்கினே இருந்த பாரு, அப்பதான்கா நாம கைய உள்ள உடலாம்னு தோணிச்சு."

இத்தனை வருஷ சர்வீஸ்ல, கிரேன் ஓட்டத் தெரிஞ்சவள்னு நான் பேர் வாங்கினது, கிரேனைத் தொடாம உக்காந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.