பம்பரம் ஏறிய படகு

சம்பந்தியம்மாவுக்கு நீச்சல் தெரியும், நன்றாகவே தெரியும். அவரோடு பாய்ப்படகில் போய்வந்தேன் என்றால் எல்லார் முகத்திலும் அந்தக் கேள்விதான் எழுகிறது. வாய்விட்டு யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நீச்சல் தெரியாதவன் நான்தான்.

அவர் என் மகளின் மாமியார். பஸ் டிப்போவில் முப்பது வருஷமாக நேரம் குறிக்கிற வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை நிமிஷம் பிந்தி உள்ளே வந்தது என்று நோட்டில் எழுதவேண்டும். அதற்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அவர் கேட்டுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே எழுதுவார். டிரைவர்கள் வைத்த பெயர் பம்பரம். சாப்பிடுவதும் நின்றபடிதான். வீட்டில் எப்போது பார்த்தாலும் மூன்று இடத்தில் மூன்று டம்ளர் பாதி டீயோடு ஆறிக்கொண்டிருக்கும், மூன்றும் அவருடையவை. நான் தையற்காரன், உட்கார்ந்தே பிழைத்தவன். அவரைப் பார்த்தாலே எனக்குக் கால் வலிக்கும்.

இப்படிப்பட்டவருக்குப் புதன்கிழமை விடுப்பு. அன்றைக்கு ஏரி. அவருடைய படகு இரண்டு பேர் கொள்கிற சின்னப் படகு. ஒரு பாய்மரம், ஒரு பாய். பாயில் நாலு ஒட்டு, நாலும் நான் போட்டவை. "வாங்க சம்பந்தி, எடைக்கு மணல் மூட்டை வைக்கறதுக்குப் பதிலா நீங்க உக்காருங்க" என்று கூப்பிடுவார். ஏறியதும் கொண்டையை உச்சியில் தூக்கிக் கட்டி, ஈரக்கையால் பின்கழுத்தைத் தடவிக்கொள்வார். காற்று எந்தப் பக்கம் என்று அந்தக் கழுத்துக்குத் தெரிந்துவிடும். "கொடி பொய் சொல்லும் சம்பந்தி. கழுத்து சொல்லாது."

காற்று குறைந்தால் படகில் அசையாமல் இருக்கவேண்டுமாம். ஆட்டம் கொடுத்தால் பாயில் இருக்கிற துளிக் காற்றும் சிந்திவிடுமாம். இதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். சொல்லத்தான் தெரியும்.

இப்போது எங்களுக்கு ஒரு பேத்தி. நேற்றோடு இருபத்துநாலு நாள். கொட்டாவி விடும்போது முகம் முழுக்க வாயாகிவிடுகிறது. அதைப் பார்க்கவே நான் கடையைப் பூட்டிவிட்டுப் பையோடு சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மனைவி இப்போது உயிரோடு இல்லாததால் மகளும் பிரசவத்துக்கு என்னிடம் வராமல் இங்கேதான் இருக்கிறாள். குழந்தையை என் மடியில் விடுவாள். மாமியார் கையில் இரண்டு நிமிஷம் விட்டால் அதிகம். "அத்தை தூக்கினா குழந்தை பஸ்ஸுல போற மாதிரி இருக்குப்பா" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அது சம்பந்தியம்மா காதிலும் விழுந்தது. அவர் போய் அலமாரியை மறுபடி அடுக்கினார்.

நேற்று மகளுக்கு நாலரை மணிக்கு டாக்டரைப் பார்க்கவேண்டும், மாப்பிள்ளையும் கூடப் போகவேண்டும். என் முழங்காலுக்குக் குழந்தையோடு எழுந்திருக்க முடியாது. அதனால், "நாலு மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் நீங்க பாத்துக்கறீங்களா அத்தை?" என்று கேட்டாள். சம்பந்தியம்மா அதற்குள் குழந்தையின் துணிகளை மூன்று தடவை மடித்து மூன்று தடவை பிரித்திருந்தார். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஏரிக்காவது போயிட்டு வாங்களேன்" என்று மகளே தள்ளிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு நல்ல காற்று. நடு ஏரியில் சாப்பிட்டோம். இரண்டு மணிக்குக் காற்று படுத்துவிட்டது. பாய் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"துடுப்பை எடுங்க சம்பந்தி."

"எங்க இருக்கு?"

"உங்க காலுக்குக் கீழதான்."

என் காலுக்குக் கீழே சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், முகம் வெளுத்துவிட்டது. "மாடியில இருக்கு. கொடியில இடம் பத்தலன்னு காலைல ரெண்டு நாற்காலிக்கு நடுவுல வெச்சு... பாப்பா துணி காயப் போட்டேன்."

படகைக் கட்டும்போது முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷி!

டப்பா மூடியால் தண்ணீரைத் தள்ளினார், படகு வட்டமடித்தது. டிப்போ விசிலை எடுத்து ஊதினார். கரையில் தூண்டில் போட்டிருந்த ஆள் கை அசைத்தான். "உதவிக்குக் கூப்பிட்டா டாட்டா காட்டறான் பாருங்க!" என்று எழுந்தே நின்றுவிட்டார். படகு சாய்ந்தது. நான் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"உக்காருங்க சம்பந்தியம்மா! எனக்குப் பேத்தி பொறந்து இருபத்துநாலு நாள்தான் ஆகுது!"

உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று.

"எத்தனை டிரைவர் பேருக்கு எதிர்ல சிவப்பு மையில லேட்டுன்னு எழுதியிருக்கேன் தெரியுமா? இன்னைக்கு உங்க பொண்ணு எனக்கு எழுதுவா."

"அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

"அதான் பயமா இருக்கு. ஒண்ணும் சொல்லமாட்டா. குழந்தையைப் பேசாம உங்க மடியில வெச்சிட்டுப் போயிடுவா. அப்புறம் என்னை எப்பவும் கேக்கமாட்டா."

பேசும்போதே முழங்கால் ஆடியது, படகு ஆடியது, பாய் படபடத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "காத்து இருக்கு சம்பந்தியம்மா. நீங்கதான் கொட்டிட்டிருக்கீங்க."

முறைத்தார். பிறகு சுக்கான் கட்டையையும் பாய்க் கயிற்றையும் என் கையில் திணித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அசையவில்லை. கண் மட்டும் ஈயைப் பார்த்து ஒன்றரைக் கண்ணாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பாய் மெல்ல வயிறு வைத்தது. "இடது பக்கம்... இடது பக்கம்..." என்று உதடு அசையாமல் வழி சொன்னார்.

கரை சேர நாலே கால். வீட்டுக்கு வர நாலே முக்கால். கதவு பூட்டியிருந்தது, குழந்தையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆறு மணிக்கு மகள் வந்தாள். "காத்து இல்லையா அத்தை?" என்றாள், அவ்வளவுதான். குழந்தையை என் மடியில் வைத்தாள். சம்பந்தியம்மா மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து மடித்தார். துடுப்பைக் கொண்டுவந்து, மறுபடி மறக்காமல் இருக்க, செருப்புகளுக்குப் பக்கத்தில் சாத்தினார்.

இன்று விடிந்ததிலிருந்து பேத்தி ஒரே அழுகை. என் மடி பலிக்கவில்லை. மாப்பிள்ளையின் பாட்டு பலிக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்து நின்ற என் மகள், டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம், "ஒரு நிமிஷம் பிடிங்க அத்தை" என்று நீட்டினாள். அவர் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார், டிப்போவில் நடக்கிற அதே நடை. நாலாவது சுற்றில் அழுகை நின்றது. ஆறாவது சுற்றில் அவரும் நின்றார்.

நின்றவர் நின்றவர்தான். மகள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். ஜன்னலில் வைத்த டீயில் ஆடை படிந்தது. எட்டு மணி அடித்தது. எட்டுக்கு அவர் டிப்போவில் இருக்கவேண்டும். கைப்பை கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்திப் போட்டு, "லேட்டாகுதே சம்பந்தியம்மா, குழந்தையை என்கிட்ட குடுங்க" என்றேன்.

திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பேசாதீங்க சம்பந்தி. கழுத்துல மூச்சு படுது."