நிறுத்திப் பார்த்த படம்

எங்கள் வீட்டு டிவிடி ரிமோட்டில் படத்தை நிறுத்தும் பொத்தானின் மேல் ஒரு நகத்தடம் உண்டு. அப்பாவின் கட்டைவிரல் நகம் அது. மெதுவாக அழுத்தினாலே போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். சிகந்தராபாத்தை ஒட்டி குஷாய்குடா பக்கம் இருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்த மனிதர். சர்க்யூட் போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவதுதான் பிழைப்பு. வீட்டிலும் அதே கண். கத்திரிக்காய், சட்டைத் தையல், என் மார்க் ஷீட், எதைக் கையில் கொடுத்தாலும் குறை காணாமல் கீழே வைக்கமாட்டார். சரியான இம்சை.

அண்ணன் படம் வரையும் வேலைக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. சாஃப்ட்வேர் சாஃப்ட்வேர் என்று ஊரே ஹைடெக் சிட்டிக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். எங்கள் சர்ச்சில் எங்களைப் போன்ற திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பையன்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணனோ பேகம்பேட்டில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, அமெரிக்கக்காரனுடைய கார்ட்டூனுக்குப் படம் படமாக வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். "பொம்ம போடுறதுக்கால உன்னப் படிக்க வச்சேன்?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். அண்ணன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துவிடுவான்.

அது என்ன கார்ட்டூன் என்று அவன் வீட்டில் சொன்னதே இல்லை. எனக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் பார்க்கிற சமாச்சாரமே அல்ல. சாமி, சாவு, சர்ச், ஜனாதிபதி என்று எதையும் விட்டுவைக்காத நக்கல், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. அங்கே டிவியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அதற்கென்று வெறிபிடித்த ஒரு கூட்டம் இருந்தது.

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம். கூட்டக் காட்சி என்றால் அத்தனை முகத்துக்கு எங்கே போவது? அவரவர் வீட்டு ஆட்களை வரைந்து நிரப்பிவிடுவார்கள். ஒரு கதையில் சர்ச்சில் அடக்க ஆராதனை வந்தது. பாஸ்டரின் பிரசங்கம் முடிகிற பாடில்லை. பெட்டிக்குள் கிடக்கும் பிணம் பொறுமை இழந்து எழுந்து, கோட்டுக்குக் கீழே வெறும் பட்டாபட்டியோடு இறங்கி, பாஸ்டர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு வெளியே போகும். பிணத்துக்கு என்ன முகம் என்று அமெரிக்காவிலிருந்து சொல்லவில்லை. முந்தின நாள்தான் அண்ணன் அப்பாவிடம் செமத்தியாக வாங்கிக் கட்டியிருந்தான். கோபத்தில் அப்பாவையே வரைந்துவிட்டான். காதோரத்து மரு, கால் உடைந்து நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி, எதையும் விடவில்லை. "கைக்கு டர்ரா பாய், கோன் தேக்தா" என்று, இதற்கெல்லாம் பயப்படலாமா என்கிற மாதிரி, பக்கத்து மேஜைக்காரன் இந்தியில் சொல்லிச் சிரித்தானாம். யார் பார்க்கப் போகிறார்கள், டிவியில் கண் சிமிட்டுகிற நேரம்தானே என்று அண்ணனும் விட்டுவிட்டான்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. சிகந்தராபாத் டாக்டர் ஆபரேஷன் என்றார், தள்ளிப்போட வேண்டாம் என்றார். அதே வாரம் ஸ்டுடியோவில் கேக் வெட்டினார்கள். அந்த வெறியர் கூட்டம் கேட்டுக் கேட்டு, கார்ட்டூன் முழுவதும் வெட்டுப்படாமல் டிவிடியாக வெளிவந்துவிட்டது. வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு செட். அண்ணன் பேயறைந்தவன் போல வீட்டுக்கு வந்தான். "இனிமே நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்ட்டி" என்றான் என்னிடம். "உயிரோட இருக்க மனுசனப் பெட்டிக்குள்ள படுக்க வச்சிட்டேனே." அப்பா பார்த்துவிடுவாரோ என்று ஒரு பயம், வரைந்தது பலித்துவிடுமோ என்று இன்னொரு பயம். ஆபரேஷன் முடியும்வரை அவர் கண்ணில் படக்கூடாது என்று பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்தான். அன்றிலிருந்து அந்தப் பீரோவை நான் திறக்கவே இல்லை.

அம்மா திறந்தாள். ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கப் போனவள், "பாத்தீங்களா, ஒங்க மவன் போட்ட படம், ஒளிச்சு வச்சிருக்கான்" என்று பெருமையாக அப்பா மடியில் வைத்துவிட்டாள். நானும் அண்ணனும் மருந்துக் கடையிலிருந்து திரும்பியபோது, மத்தியான வெயில் ஹாலுக்குள் விழ, அப்பா ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கொச்சை இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் பார்த்தது கோடுகளைத்தான். நிறுத்தினார், ஒரு படம் நகர்த்தினார், மறுபடி நிறுத்தினார். "ஏல, இதுல நீ போட்டது எது?" அண்ணன் ஏதோ ஒரு மரத்தைக் காட்டினான். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை நாங்கள் கேட்டதே இல்லை. "போதும்ப்பா, டாக்டர் படுக்கச் சொல்லிருக்காரு" என்று அண்ணன் ரிமோட்டுக்குக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. டிவியில் சர்ச் மணி கேட்டது.

அப்பா நிறுத்தினார். பெட்டிக்குள் அவரே கிடந்தார். அம்மா "இயேசப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சுவரோடு சாய்ந்துவிட்டான். அப்பா எழுந்து டிவிக்குக் கிட்டே போய் மருவைப் பார்த்தார், கண்ணாடியில் சுற்றிய நூலைப் பார்த்தார். "பெட்டிக் கீலை மாத்திப் போட்டுட்டியேல" என்றார். "இந்த மூடி மூடாது." பிறகு பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிணம் முழங்கையை ஊன்றியது, முதுகைத் தூக்கியது, பட்டாபட்டி தெரிந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எங்களுக்கு உயிரே போயிற்று. "எழும்பிட்டேன் பாத்தியா? நீதானல எழுப்பி விட்டிருக்க, பெறவு என்னத்துக்கு அழுவுத?"

ஆபரேஷனிலிருந்து அப்பா எழும்பவில்லை. சர்ச்சில் பாஸ்டர் நெடுநேரம் பேசினார். அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூட வந்தவர்களை "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று தடுத்தான். பெரியவர்கள் அவனைப் பிடித்து விலக்கினார்கள். மூடி கச்சிதமாக மூடியது.

அண்ணன் இப்போதும் அதே தொழிலில்தான் இருக்கிறான். இந்த வருஷம் அப்பாவின் நினைவு நாளில் ஜெபம் முடிந்து, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, அந்த டிஸ்க்கைப் போட்டான். அப்பா நடமாடுகிற படம் வேறு எங்களிடம் கிடையாது. போட்டோக்களில் எல்லாம் விறைப்பாக நிற்பார். சர்ச் காட்சி வந்தது. அந்த முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கலாமே என்று, நகத்தடத்தின் மேல் என் கட்டைவிரலை வைத்து நிறுத்தினேன். பெட்டிக்குள் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார்.

"ஏட்டி, நிறுத்தாத" என்றான் அண்ணன். "ஓட விடு. அப்பா எழும்பட்டும்."